கொவால்கே தம்பதியின் சட்டபூர்வமான மௌனம்

அமெரிக்காவில் ஜனாதிபதி பதவிக்கு நிற்பவருக்கு ஒரு ஆள் மூவாயிரத்துச் சொச்சம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதற்கு மேல் கொடுத்தால் வேட்பாளரின் மனம் கெட்டுப்போகும் என்று சட்டம் கவலைப்படுகிறது. அதே ஆள், அதே வேட்பாளரின் புகழ் பாடும் தனிச் சங்கம் ஒன்றுக்கு எத்தனை கோடி வேண்டுமானாலும் கொடுக்கலாம். அதனால் யார் மனமும் கெடாது. சங்கத்தாரும் வேட்பாளரின் ஆட்களும் தேர்தல் வேலையைப் பற்றிக் கலந்து பேசக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை.

இந்த நிபந்தனையை நம்பியவர்கள் லோரெய்ன் கொவால்கேயும் அவள் கணவன் வெண்டெலும்.

விஸ்கான்சின் மாநிலத்தில் ஓ கிளேர் ஊரில் அவர்கள் வீடு. லோரெய்ன் மாட்டுப் பண்ணையில் பிறந்தவள். முனிசிபல் தேர்தலிலிருந்து செனட் தேர்தல் வரை முப்பது வருஷமாகப் பிறரை ஜெயிக்க வைத்துப் பிழைத்தவள். வெண்டெல் சிகாகோ நகரத்துக்காரன். தொலைக்காட்சி விளம்பரம் எடுப்பான். ஒரு ஹீட்டர் கம்பெனிக்கு அவன் எடுத்த விளம்பரத்தில் நடுங்கும் பாட்டி ஒருத்தி வருவாள். அவளை ஊரே அறியும்.

அந்த வசந்தத்தில் ஒரே வாரத்தில் இருவருக்கும் வேலை வந்தது. வேறொரு மாநிலத்தின் கவர்னரான வின்ஸ்லோ ஜனாதிபதி பதவிக்கு நின்றார். அவருடைய விஸ்கான்சின் பிரசாரத்துக்குத் தலைமை ஏற்க லோரெய்னை அழைத்தார்கள். வின்ஸ்லோவைப் புகழ்வதற்கென்றே தோன்றியிருந்த 'நாளைய விடியலின் நண்பர்கள்' என்ற சங்கம் விளம்பரம் எடுக்க வெண்டெலை அழைத்தது. சங்கத்துக்கு நாலு கோடி டாலர் கொடுத்திருந்தவர் ஆர்லோ ஸ்பெங்லர் என்ற மெத்தை வியாபாரி. வின்ஸ்லோவைப் பற்றித் தமக்கிருந்த தனிப்பட்ட அபிப்பிராயத்தை வெளியிட அவருக்கு அவ்வளவு தேவைப்பட்டது.

புருஷன் ஒரு பக்கம், பெண்டாட்டி ஒரு பக்கம் என்று ஆனதும் பிரசாரத்தின் வக்கீல் பிங்காம் வீடு தேடி வந்தார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, காப்பியைத் தொடாமல், சட்டத்தை விளக்கினார்.

"நாங்க ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமா?" என்று லோரெய்ன் கேட்டாள்.

"தாராளமா சாப்பிடலாம். சட்டம் சாப்பாட்டுல தலையிடாது."

"பேச்சு?"

"தேர்தலைத் தவிர எதை வேணாலும் பேசுங்க. எந்த ஜில்லாவுல யாரு என்ன நினைக்கிறாங்க, எந்த விளம்பரம் எடுபடுது, எது எடுபடல, இதெல்லாம் மூச்சு விடக் கூடாது. மத்தபடி நீங்க புருஷன் பெண்டாட்டிதான்."

வெண்டெல் எழுந்து நின்று அவர் கையைக் குலுக்கினான். நாட்டுக்காக ஏதோ செய்கிறோம் என்று அவனுக்கு மார்பு விம்மியது.

தேர்தல் இல்லாத விஷயம் நிறைய இருக்கும் என்று இருவருமே நினைத்தார்கள். விஸ்கான்சினில் அப்படி இல்லை. கலிஃபோர்னியாவில் நாலு கோடி ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால், பணம் கேட்க மட்டும்தான் வேட்பாளர்கள் அங்கே போவார்கள். ஒரு மாநிலத்தில் ஒரே ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கினாலும், கிட்டத்தட்ட எங்கேயும், ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உள்ள பிரதிநிதி ஓட்டு மொத்தமும் ஜெயித்தவருக்கே. ஆகவே எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத ஆறேழு மாநிலங்களில்தான் தேர்தல் நடக்கும். மற்ற மாநிலங்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும். விஸ்கான்சினிடம் பத்துப் பிரதிநிதி ஓட்டும், எக்கச்சக்கமான மாடுகளும், எந்தப் பக்கமும் சாயாத குணமும் இருந்தன.

அதனால் அங்கே எதைத் தொட்டாலும் தேர்தலாக இருந்தது. வெண்டெலின் முட்டிவலியைப் பற்றிப் பேசினால் மருத்துவக் காப்பீட்டில் போய் முடிந்தது. காப்பீடு தேர்தல் விஷயம். மளிகைச் சாமான் விலையைப் பேசினால் அது விலைவாசி. மழையைப் பேசினால் பருவநிலை மாற்றம். ஒரு நாள் லோரெய்ன் பேச்சை மாற்ற நாயைக் கொஞ்சினாள். மறுவாரம் சங்கத்தின் விளம்பரத்தில் கவர்னர் ஒரு நாயோடு ஓடி வந்தார். அதோடு நாயும் போயிற்று.

ஜூன் மாதத்துக்குள் அவர்களிடம் உப்பும் மிளகும்தான் மிச்சம். "உப்பு வேணுமா?" என்பான் அவன். "போதும்" என்பாள் அவள். வெள்ளிக்கிழமைகளில் மீன் வறுவல் சாப்பிட வெளியே போவார்கள். கடைக்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தனக்குத் தெரிந்த விவாகரத்து வக்கீலின் பேரைப் பில்லின் பின்னால் எழுதிக் கொடுத்தாள்.

ஆகஸ்டில்தான் பால் விளம்பரம் வந்தது.

ஒரு அழகான தாய் கண்ணாடி டம்ளரில் பாலை ஊற்றுகிறாள். பிள்ளைகள் குடிக்கிறார்கள். 'வின்ஸ்லோ ஆட்சியில் அவர் மாநிலத்தில் பால் விலை பாதியாக இறங்கியது. நாளை நாடு முழுவதும்' என்று கம்பீரமான குரல் ஒன்று சொல்கிறது. பாலைக் கடையில் வாங்குகிறவர்களுக்கு நல்ல விளம்பரம்தான். விஸ்கான்சினின் மேற்கு ஜில்லாக்களில் பாலை யாரும் வாங்குவதில்லை, விற்கிறார்கள். விலை இறங்கி, லோரெய்னின் அண்ணன் ட்வைட் அந்த வருஷம்தான் மாடுகளையெல்லாம் விற்றுவிட்டுக் கிடங்கு ஒன்றில் லாரியில் சரக்கு ஏற்றப் போய்க்கொண்டிருந்தான்.

விளம்பரம் முதல் தடவை ஓடியபோது கணவனும் மனைவியும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். முடிந்ததும் வெண்டெல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். பரிசு வாங்கிய பள்ளிப் பிள்ளையின் பார்வை. லோரெய்ன் சொல்ல வாயெடுத்தாள். இந்த மனிதனுக்கு மாடு என்றால் என்னவென்று தெரியாது; ஒரு வாக்கியம் சொன்னால் போதும், காலையில் நிறுத்திவிடுவான். அந்த ஒரு வாக்கியம்தான் குற்றம். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த தட்டையே இன்னொரு தடவை கழுவினாள்.

மறுநாள் பிங்காமிடம் ஓடினாள். அவர் வருத்தப்படவில்லை. அவனிடம் சொல்லக் கூடாதே தவிர உலகத்திடம் சொல்லலாம் என்றார். கவர்னரின் இணையதளத்தில் ஒரு மூலையில் சிவப்புக் கட்டம் கட்டி அறிவிப்புப் போட்டுவிட்டால், அது பொதுமக்களுக்கான செய்தி. பொதுமக்களில் ஒருவனாக வெண்டெலும் அதைப் படித்துக்கொள்வதைச் சட்டம் தடுக்கவில்லை. இந்தத் தொழிலில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.

லோரெய்ன் 'பால் விளம்பரத்தை உடனே நிறுத்தவும்' என்று எழுதிக் கொடுத்தாள். அது கட்டளை, கட்டளை கூடாது என்று பிங்காம் அடித்தார். 'பால் விளம்பரம் விவசாயிகளைப் புண்படுத்துகிறது' என்றாள். அது ஆலோசனை, அதுவும் கூடாது. மாலைக்குள் வாசகம் சட்டத்துக்கு ஏற்றபடி வெந்து இறங்கியது: 'மேற்கு விஸ்கான்சின் வாக்காளப் பெருமக்கள் பால் விலை குறித்து ஆழ்ந்த அக்கறை கொண்டுள்ளனர்.'

வெண்டெல் அதை அவள் எதிரில், அதே மேஜையில், கணினியில் படித்தான். அவன் முகம் மலர்ந்தது. ஆழ்ந்த அக்கறை என்றால் விளம்பரம் பற்றிக்கொண்டது என்றுதானே பொருள். அன்றைக்கே தொலைக்காட்சியில் பண்ணைச் செய்தியின் விளம்பர நேரம் முழுவதையும் விலைக்கு வாங்கிவிட்டான்.

இதற்கிடையில் கவர்னரின் தலைமை அலுவலகம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று, பேச்சில்லாத படம் ஒன்றை இணையத்தில் போட்டது. அதில் கவர்னர் ஒரு பசுவின் பக்கத்தில் நின்று, வாயைத் திறக்காமல், புன்னகை மாறாமல், நெடுநேரம் அதன் கழுத்தைத் தடவினார். வெண்டெல் அதையும் பால் விளம்பரத்தில் சேர்த்தான். இப்போது பால் விலை பாதியாக இறங்க இறங்க, கவர்னரே நேரில் வந்து மாட்டைத் தடவிச் சிரித்தார். ட்வைட் தங்கைக்குப் போன் போட்டு, உன் கவர்னரை இந்தப் பக்கம் மட்டும் கூட்டிக்கிட்டு வந்துடாதே என்றான்.

லோரெய்ன் இரண்டாவது அறிவிப்பு எழுதினாள்: 'பால் குறித்து வாக்காளர்கள் போதிய அளவு அறிந்துவிட்டனர்.' இதில் ஒரு உட்பொருள் இருப்பதாகப் பிங்காமுக்குச் சந்தேகம் வந்து தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே வக்கீல்கள் கூடி ஆராய்ந்தார்கள். ஒப்புதல் வந்து சேர்ந்தபோது தேர்தல் முடிந்திருந்தது.

அக்டோபரில் மில்வாக்கி நகரில் சங்கம் ஒரு விருந்து வைத்தது. கவர்னரே வந்தார். சட்டம் அதை அனுமதிக்கிறது. அவர் எழுந்து, ஒவ்வொருவரும் சங்கத்துக்கு ஐயாயிரம் டாலர் தர வேண்டுமென்று பணிவுடன் கேட்டார். அதற்கு மேல் கேட்க அவருக்கு உரிமை இல்லை. கை கழுவி வர வெளியே போனார். அவர் போனதும் சங்கத் தலைவர் எழுந்து மீதிக் கோடிகளைக் கேட்டார். கேட்டு முடிந்ததும் கவர்னர் ஈரக் கையோடு திரும்பி வந்து ஸ்பெங்லர் பக்கத்தில் உட்கார்ந்து, தலையோடு தலை சேர்த்து, ஆப்பிள் பை பலகாரம் தீரும் வரை பேசிக்கொண்டிருந்தார். லோரெய்ன் மண்டபத்தின் ஒரு கோடியில், வெண்டெல் மறுகோடியில்.

"அவங்க ரெண்டு பேரும் பேசலாமா?" என்று அவள் பிங்காமிடம் கேட்டாள்.

"அவங்க பேசினா அது சிநேகம்" என்றார் பிங்காம். "நீங்க பேசினா அது சதி."

நவம்பரில் ஓட்டுப் போட்டார்கள். நாடு முழுவதும் எண்ணியபோது வின்ஸ்லோவுக்கு எதிராளியை விட முப்பது லட்சம் ஓட்டு அதிகம். விஸ்கான்சினில் சில ஆயிரம் குறைவு. எல்லாம் மாட்டு ஜில்லாக்களில் போனவை. அந்தப் பத்துப் பிரதிநிதி ஓட்டுகளும் எதிராளிக்குப் போக, ஜனாதிபதி பதவியும் கூடவே போயிற்று. அதிகம் பேர் விரும்பியவர் வீட்டுக்குப் போனார். இது வழக்கமாக நடப்பதுதான் என்று பேராசிரியர்கள் தொலைக்காட்சியில் விளக்கினார்கள்.

மறுநாள் சாயங்காலம் சட்டம் அவர்களை விட்டது. வெண்டெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்.

"இப்பவாவது சொல்லு. பால் விளம்பரம் எப்படி இருந்துச்சு?"

அவள் சொன்னாள். ட்வைட்டைப் பற்றிச் சொன்னாள், விற்ற மாடுகளைப் பற்றிச் சொன்னாள். அவன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, லோரெய்ன்."

"நீ ஜெயிலுக்குப் போயிட்டா?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். தோற்றாலும் நேர்மையாகத் தோற்றோம் என்று இருவரும் ஒருவரை ஒருவர் தேற்றிக்கொண்டார்கள்.

தேர்தல் பணத்தைக் கண்காணிக்கும் ஆணையம் ஒன்று உண்டு. அதில் இந்தக் கட்சிக்கு மூன்று பேர், அந்தக் கட்சிக்கு மூன்று பேர் என்று வைத்திருக்கிறார்கள். எந்த வழக்கும் மூன்றுக்கு மூன்று என்று நின்றுபோகும். யாரோ ஒரு குடிமகன் கொவால்கே தம்பதி மேல் புகார் கொடுத்தான்: ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேசாமலா இருந்திருப்பார்கள்? விசாரணை நடந்தது. மீன் கடைக்காரி சாட்சி சொன்னாள். சிவப்புக் கட்டம் காட்டப்பட்டது. பால் விளம்பரத்தை ஆறு உறுப்பினர்களும் ஒரு தடவை பார்த்தார்கள். உண்மை தெரிந்த மனைவியிடம் ஒரு வார்த்தை பேசியவன்கூட இப்படி ஒரு விளம்பரம் எடுத்திருக்க முடியாது என்று அறுவரும் ஒப்புக்கொண்டார்கள். பல வருஷங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஆணையம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 'இத்தம்பதியினர் உண்மையாகவே கலந்து பேசவில்லை என்பது ஐயமற நிரூபணமாகிறது' என்ற பாராட்டு வாசகத்தைப் பத்திரிகைகள் கட்டம் கட்டிப் போட்டன. லோரெய்ன் அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள்.

அன்று காலையிலேயே ஸ்பெங்லரிடமிருந்து போன் வந்தது.

"பேப்பர்ல போட்டிருக்கறது நெசமா?"

"நெசந்தாங்க" என்றாள் லோரெய்ன். குரலில் பெருமை இருந்தது.

"ஏழு மாசமா? ஒரு வார்த்தைகூட?"

"தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லீங்க."



"ஏம்மா, விளம்பரம் எடுக்கறவங்க இந்த மாநிலத்துல நூறு பேர் இருக்காங்க. அதுல தொண்ணூறு பேர் உன் புருஷனைவிட நல்லா எடுப்பாங்க. நான் எதுக்கு இவரைப் புடிச்சேன்னு நினைச்சே?"

லோரெய்ன் குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பார்த்தாள்.

"வேலைக்குச் சேந்த மாசம் உங்க வீட்டுக்கு ஒரு மெத்தை அனுப்பினேன். ரெண்டு பேர் படுக்கற மெத்தை. அது எதுக்குன்னு நினைச்சீங்க?"

பரிசு என்று நினைத்ததாக அவள் மெல்லச் சொன்னாள். ஸ்பெங்லர் போனை வைத்துவிட்டார். அவர் அதிக நாள் வருத்தப்பட வேண்டியிருக்கவில்லை. எதிராளியைப் பற்றியும் தமக்கிருந்த தனிப்பட்ட அபிப்பிராயத்தை, இன்னொரு சங்கத்தின் மூலம், அதே நாலு கோடிக்கு அவர் வெளியிட்டிருந்தார். புது ஜனாதிபதி அவரைக் கடற்கரை உள்ள ஒரு நாட்டுக்குத் தூதராக அனுப்பினார்.

அதற்குப் பிறகு கொவால்கே தம்பதியை எந்தக் கட்சியும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஆணையத்தின் பாராட்டு அவர்கள் போகும் முன்பே எல்லா அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தலைநகரில் ஒரு அமைப்பு, தேர்தல் நேர்மை பற்றி வகுப்பு எடுக்க அவர்களை அழைத்தது. யார் வரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே போனார்கள். மண்டபத்தில் உட்கார இடமில்லை. இரண்டு கட்சிகளின் பிரசார ஆட்களும், இரண்டு பக்கச் சங்கத்துக்காரர்களும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். லோரெய்ன் நடந்ததை நடந்தபடியே சொன்னாள். அத்தனை பேனாவும் ஓடியது. அவளுக்குக் கண் கலங்கியது. இந்த நாடு இன்னும் கெட்டுப்போகவில்லை.

சந்தேகம் இருந்தால் கேட்கலாம் என்று வெண்டெல் சொன்னான். முன் வரிசையில் இருந்த நடுவயதுப் பெண் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்க எதால தோத்தீங்கன்னு சொன்னீங்களே, அந்த இடத்தை மட்டும் இன்னொரு தடவை மெதுவா சொல்றீங்களா? அதைத் தவிர்க்கணும்னுதான் நாங்க எல்லாரும் வந்திருக்கோம்."