பார்ன்விச் கீழே இறங்கிய சனிக்கிழமை

பெண் பார்க்கப் போன வீட்டில் சட்டையைக் கழற்றியவன் நான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது. என் மாமனார் சொல்லும்போது சட்டையோடு நிறுத்துவதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் இங்கிலாந்தில் இருக்கும் ஒரு கால்பந்து அணி. பெயர் பார்ன்விச். நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள், அதில் உங்கள் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஊர்க்காரர்களே வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள் என்று நினைக்கிறேன். (நான் போய்ப் பார்த்ததில்லை. தென்காசியிலிருந்து மேற்கே நான் போயிருக்கும் அதிகபட்ச தூரம் கொல்லம்.)

என் பள்ளித் தோழன் காஜா துபாயில் வேலை பார்க்கிறான். ஒருமுறை லீவுக்கு வந்தபோது எனக்கு அந்த அணியின் ஜெர்ஸி ஒன்றைக் கொண்டுவந்தான். காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக இருக்கும். நெஞ்சில் ஆங்கிலத்தில் அணியின் பெயர். போட்டுக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றேன்.

"ஏலே, என்ன இது? கோயில் மதிலக் கழத்திப் போட்டுட்டு வந்து நிக்க!" என்றாள்.

எத்தனையோ பெரிய அணிகள் இருக்க இதை ஏன் வாங்கினான் என்று காஜாவிடம் கேட்டேன்.

"பெரிய டீமு ஜெர்ஸியெல்லாம் யான வெல மாப்ளே. இது ஒண்ணு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ. இன்னொண்ணக் கடையிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. தென்காசியில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கும் வேலை. ஊருக்கே பார்வை சரிசெய்கிறவன், எதிரே வந்த ஆபத்தைப் பார்க்கவில்லை. சும்மா கிடைத்த ஜெர்ஸிதானே, ஒரு மேட்ச் பார்ப்போம் என்று போனில் பார்த்தேன். மூன்றாவது மேட்சில் 'அவனுவ' என்பது 'நாங்க' ஆகிவிட்டது. அப்புறம் மனிதன் மீள்வது கஷ்டம்.

பல வருடங்கள் கீழ் டிவிஷனில் கிடந்துவிட்டு அந்த வருடம்தான் பார்ன்விச் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்திருந்தது. மொத்தம் இருபது அணிகள். கடைசி மூன்று இடத்தில் இருப்பவர்களை அடுத்த வருடம் கீழே இறக்கிவிடுவார்கள். புள்ளிப் பட்டியலில் எங்கள் பெயர் எங்கே இருந்தது என்றால், என் கடையில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரி மாதிரி. அந்த வரி வரைக்கும் யாரும் படித்ததே இல்லை.

கடையில் கூட வேலை பார்த்தவர்கள் எங்கள் அணிக்கு 'சான்ட்விச்' என்று பெயர் வைத்தார்கள். திங்கட்கிழமை காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே, "என்னவே, இந்த வாரமும் சான்ட்விச்சத் தின்னுட்டானுவளா?" என்று குரல் வரும். ஒருநாள் மனது தாங்காமல் எதிர் டீக்கடை அண்ணாச்சியிடம் புலம்பினேன்.

"சீசன் ஆரம்பமே சரியில்ல அண்ணாச்சி. நேத்து மட்டும் அஞ்சு விழுந்துட்டு."

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. "அப்படியா! அஞ்சருவில அஞ்சும் விழுதா? காலைல வந்தவன் தண்ணியே இல்லன்னு சொல்லிட்டுப் போறான், பொய்க்காரப்பய!" என்றவர், டீ குடித்துக்கொண்டிருந்த வெளியூர்க் குடும்பம் ஒன்றை உடனே வேன் ஏற்றி ஐந்தருவிக்கு அனுப்பிவிட்டார். (எங்கள் பக்கத்தில் சீசன் என்றால் அருவியில் தண்ணீர் விழுவது ஒன்றுதான். விழுந்தால் நல்லது.)

அந்த வருடம் பார்ன்விச் ஜெயித்தது மூன்றே மூன்று மேட்ச். முதல் வெற்றியின்போது நான் ஜெர்ஸி போட்டிருந்தேன். மறுநாள் அம்மா அதைத் துவைத்தாள். தொடர்ந்து எட்டு மேட்ச் தோற்றோம். டிசம்பரில் ஒருநாள் பாவூர்சத்திரம் வரை பைக்கில் போய்விட்டு, வியர்வை காயாமல் அப்படியே ஜெர்ஸியோடு உட்கார்ந்து பார்த்தேன். ஜெயித்தோம்! துவைக்காமல் மடித்துவைத்து மறுபடி போட்டேன். மறுபடியும் ஜெயித்தோம்! எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. பார்ன்விச்சின் எதிரி தண்ணீர்.

தமிழ்நாடே கிளம்பி வந்து குளிக்கும் ஊரில், அன்றிலிருந்து ஒரு ஜெர்ஸி மட்டும் தண்ணீரைப் பார்க்கவில்லை. அம்மா கண்ணில் படாமல் பாலித்தீன் கவரில் சுற்றிப் பரண்மேல் ஒளித்துவைத்தேன். மேட்ச் அன்று எடுத்துப் போடுவேன். அப்புறமும் தோற்றோம்தான். ஆனால் துவைத்திருந்தால் இன்னும் மோசமாகத் தோற்றிருப்போம் என்று காஜாவுக்குப் போன் போட்டு விளக்கினேன். அவன் போனைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரித்தது எனக்குக் கேட்டது.

மே மாதம். இன்னும் இரண்டே மேட்ச். முதலாவதில் தோற்றால் கீழே இறங்குவது உறுதி. சனிக்கிழமை, நம் நேரப்படி சாயங்காலம் ஐந்து மணி. அதே சனிக்கிழமை சாயங்காலம்தான் செங்கோட்டையில் எனக்குப் பெண் பார்க்க நேரம் குறித்திருந்தார்கள்.

பெண் பெயர் செண்பகா. இங்கிலாந்தில் ஒரு வருடம் மேல்படிப்புப் படித்துவிட்டு வந்தவள். "நம்ம பயலும் எப்பவும் இங்கிலாந்து, இங்கிலாந்துன்னுதான பேசுதான்" என்று அம்மா பொருத்தம் பார்த்துவிட்டாள். போட்டோவைப் பார்த்ததும் எனக்கும் ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வீட்டில் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். பார்ன்விச்சும் பிழைக்க வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வெள்ளைச் சட்டை. உள்ளே ஜெர்ஸி.

லீவில் வந்திருந்த காஜாதான் கார் ஓட்டினான். இலஞ்சி தாண்டுவதற்குள் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"காஜா, ஒன் ஏசிக்குள்ள எதுவோ செத்துக் கெடக்குப்பா."

காஜா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். எங்கோ நிறுத்தித் தன்னுடைய துபாய் சென்ட்டை என்மேல் பாதிப் பாட்டில் அடித்தான். வாடை போகவில்லை. சென்ட்டோடு சேர்ந்து புதிதாக ஒன்று உருவானது.

செண்பகாவின் அப்பா ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். நாற்பது வருடம் ரயிலை நேரத்துக்கு அனுப்பிய முகம். எங்களை வரவேற்று உட்காரவைத்தார். என்னைச் சரியாக ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்தார். மேட்ச் நிலவரத்தைச் சொல்ல காஜாவோடு ஏற்பாடு இருந்தது. நாம் கோல் போட்டால் காதைத் தொடுவான். நமக்கு விழுந்தால் இருமுவான்.

கேசரி வந்தது. காஜா இருமினான். எனக்குக் குப்பென்று வியர்த்தது.

"மாப்பிள்ளைக்கு வேர்க்குது, ஃபேனக் கூட்டுங்க" என்றார் மாமா. யாரோ கூட்டினார்கள். ஐந்து மாத பார்ன்விச் அந்த ஹால் முழுக்கப் பரவியது.

மாமா மூக்கை இரண்டு முறை சுருக்கினார். மனைவியைப் பார்த்தார். அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது. "காலைலதாங்க வீடு பூரா லோஷன் ஊத்தித் தொடச்சேன்..."

"எலி" என்றார் மாமா, தீர்ப்புச் சொல்வது போல. "எங்கயோ எலி செத்துக் கெடக்கு."

அம்மா பெருந்தன்மையாகச் சிரித்தாள். "பரவால்ல மதினி. கோடைல எல்லா வீட்டுலயும் உள்ளதுதான. நாங்க ஒண்ணும் நெனைக்கல."

காஜா மறுபடி இருமினான். பாவம், அத்தை அவனுக்குச் சுக்குக் காபி போட உள்ளே ஓடினாள்.

மாமா சோபாவைத் தூக்கிப் பார்த்தார். வயதானவர் தனியாகத் தூக்குகிறார், நான் எப்படி உட்கார்ந்திருப்பது? அதுவும், எலி யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். குற்ற உணர்ச்சியில் துள்ளி எழுந்து, "நகருங்க மாமா, நான் பாக்கேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். அடுத்த கால் மணி நேரம், என்னையே நான் வீடு முழுக்கத் தேடினேன்.

"பீரோ பக்கம் வந்ததும் வாட கூடுது!" என்றார் மாமா. நானும் அங்கேதானே வந்திருந்தேன். இருவரும் மூச்சுப் பிடித்துத் தள்ளி பீரோவை நகர்த்தினோம். பின்னால் ஒரு உடைந்த சீப்பு, பழைய ரயில்வே கால அட்டவணை, ஒற்றைக் கொலுசு. எலி இல்லை. நான் ஷோகேஸ் பக்கம் போனேன். "இல்ல, இப்ப ஷோகேஸ் பக்கம் அடிக்குது!" ஜன்னல் பக்கம் போனேன். "இப்ப இங்கன வருது!" மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு குழம்பி நின்றார். "செத்த எலி எப்படித் தம்பி நடக்கும்?"

காஜாவின் மூன்றாவது இருமலில் பாதி சிரிப்பு.

அந்த நேரத்தில்தான் காபித் தட்டோடு செண்பகா வந்தாள். மாப்பிள்ளை பீரோவுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்துக்கொண்டு, முதுகைக் காட்டிக் கிடந்தான். வியர்வையில் வெள்ளைச் சட்டை கண்ணாடித்தாள் ஆகிவிட்டிருந்தது. நான் எழுந்து திரும்பினேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் படித்தாள்.

"இது பானிஜ் ஜெர்ஸில்லா?"

ஒரு புத்திசாலி இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "பானிஜ் இல்லங்க, பார்ன்விச்."

"அங்கன யாரும் அப்படிச் சொல்ல மாட்டாவ. எழுதுறதுதான் அப்படி. என் ரூம்மேட்டுக்கு அந்த ஊருதான். பானிஜ்."

பத்து மாதம்! பத்து மாதமாக ஒரு அணிக்காக அழுதிருக்கிறேன், பட்டினி கிடந்திருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன். அதன் பெயரை ஒருநாள்கூடச் சரியாகச் சொன்னதில்லை. செண்பகா ஒரு அடி முன்னால் வந்தாள். மூக்கைச் சுருக்கினாள். அப்படியே மாமாவின் சுருக்கு.

"அப்பா," என்றாள் நிதானமாக, "எலி இல்ல."

வேறு வழியில்லாமல் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே காவியும் வெள்ளையும் தெரியத் தெரிய, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எத்தன மாசமா தொவைக்கல?" மாமாவின் குரல் அடங்கி வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள், மூலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த காஜா, "நாலு!" என்று கத்தினான்.

"நாலு மாசமா!"

"இல்ல மாமா, அஞ்சு மாசம்" என்றேன். "நாலுங்கறது கோலு."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்ன்விச்சுக்காகவா எனக்காகவா என்று இன்றுவரை தெரியவில்லை. அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, இது எம்புள்ளையே இல்ல. பொறந்தன்னிக்கே ஆஸ்பத்திரில மாத்திக் குடுத்துட்டாவ" என்றாள்.

மாமா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. உள்ளே போய்த் தன்னுடைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். புறவாசலைக் காட்டினார். "அங்கன கல்லு இருக்கு, சோப்புத்தூள் இருக்கு. தொவச்சுட்டு வாங்க. பொறவு பேசுவோம்."

இரண்டு ஆள் நுழையும் அகலத்தில் இருந்த அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு துவைக்கும் கல்லில் உட்கார்ந்தேன். முதல் வாளித் தண்ணீர் டீ நிறத்தில் போனது. இரண்டாவது வாளிக்குச் செண்பகா வந்து நின்றாள். பெண் பார்க்கும் வீடுகளில் மாப்பிள்ளையும் பெண்ணும் தனியாகப் பேச ஐந்து நிமிடம் கொடுப்பார்கள் அல்லவா, எங்களுக்கு அது இங்கே கிடைத்தது.

"இன்னும் ஒரு மேட்ச் இருக்குல்லா?"

"இருக்கு. ஆனா ஜெயிச்சாலும் இனிமே ஒண்ணும் ஆகாது. எறக்கிட்டாங்க."

"பாப்பீங்களா?"

"பாப்பேன்."

அவள் குனிந்து ஜெர்ஸியைப் பார்த்தாள். "கக்கத்துல இன்னும் கொஞ்சம் சோப்புப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தென்காசி திரும்பும் வழியில் காரில் அம்மா, "அந்தக் கேசரி நல்லாருந்துச்சு" என்றாள், இனி கிடைக்காத ஒன்றைப் பற்றிச் சொல்வது போல. நான் இரண்டு நாள் கடைக்குப் போகவில்லை.

மூன்றாம் நாள் மாமாவிடமிருந்து போன். பெண்ணுக்குச் சம்மதமாம். அம்மா நம்பாமல் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

கல்யாணமாகி ஒரு மாதம் கழித்துச் செண்பகாவிடம் மெல்லக் கேட்டேன், என்னை ஏன் பிடித்தது என்று. தோற்றாலும் கைவிடாத என் உறுதியைப் பற்றி அவள் ஏதாவது சொல்லுவாள் என்று ஆவலோடு காத்திருந்தேன்.

"அந்தப் பீரோவ நகத்தச் சொல்லி எட்டு வருஷமா எங்க அப்பாகிட்டக் கெஞ்சினேன். என் கொலுசு அதுக்குப் பின்னாடி விழுந்து கெடந்துச்சு. நீங்க வந்த அன்னிக்குத்தான் கெடச்சுது" என்றாள்.

மாமாதான் இப்போது என்னைவிடப் பெரிய ரசிகர். ரயில் அட்டவணை மாதிரி மேட்ச் அட்டவணையை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். பானிஜ் இன்னும் கீழ் டிவிஷனில்தான் இருக்கிறது. அந்த வீட்டில் யாராவது பரீட்சையில் கோட்டைவிட்டால் 'ஃபெயில்' என்று சொல்ல மாட்டார்கள். "பய எறங்கிட்டான், அடுத்த வருஷம் ஏறிருவான்" என்பார்கள்.

போன மாதம் என் கொழுந்தியாளைப் பெண் பார்க்க சென்னையிலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல வேலை, நல்ல குடும்பம். வாசல்படியில் கால் வைத்தவரை மாமா கையை நீட்டி நிறுத்திவிட்டார்.

"தம்பி, நீங்க எந்த டீமு?"

அவர் குழம்பிப்போய்த் தன் அப்பாவைப் பார்த்தார். "எனக்கு... ஃபுட்பால்ல அவ்வளவா இன்ட்ரஸ்ட் இல்ல அங்கிள்."

மாமா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வழியை விட்டார்.

"ரொம்ப நல்லதாப் போச்சு. உள்ள வாங்க."