துருப்பிடித்த மாதிரித் தொழிற்சாலை

நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பொன்னெழுத்துகளில் பொறிக்கப் போகிறவர்கள், கம்பைநல்லூர்ப் பக்கம் வந்து சேர்வதற்குள் பொன்னையெல்லாம் செலவழித்துவிட வேண்டாம் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இங்கே ஒரு தொழிற்சாலை எழுந்திருக்கிறது. புகை இல்லை, கழிவு இல்லை, கரண்ட் பில் இல்லை. அதை எழுப்பிய ‘தொழில்வளாக முன்னேற்பாட்டுப் பிரிவில்’ நானும் ஓர் உதவி அலுவலர் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பிரிவு சும்மா இருந்ததே இல்லை. தொழிற்சாலைக்கென்று தக்காளிக் காடுகளை எடுத்தோம். நிலம் கொடுத்த வீட்டில் ஒருவருக்கு வேலை என்று மைக் வைத்துச் சொன்னோம். சுற்றிலும் கம்பி வேலி போட்டோம். வேலிக்குள் சீமைக்கருவேலம் யாருடைய ‘ஊக்குவிப்பும்’ இல்லாமல் தானாகவே வளர்ச்சி கண்டது. இந்தச் சமயத்தில்தான் முதற்கட்டப் பணிகளைப் பார்வையிட மேலிடத்துக் குழு வருகிறது என்று தகவல் வந்தது.

“முதற்கட்டப் பணி எங்கய்யா?” என்று எங்கள் தலைமை அலுவலர் சந்திரமோகன் கேட்டார்.

“வேலி இருக்குங்க சார்.”

“வேலிக்குள்ள?”

“அதைப் பார்க்கத்தான் சார் அவங்க வர்றாங்க.”

அவர் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்காமல் ராஜமேரி அம்மாள் வீட்டுக்குப் புறப்பட்டேன். ஒன்றரை ஏக்கர் கொடுத்துவிட்டு, மகள் அனிஷாவின் வேலை என்ன ஆயிற்று என்று வாராவாரம் அலுவலகத்துக்கு வந்து நிற்பவர். குழு வரும் நாளில் மட்டும் வந்துவிட வேண்டாம் என்று கெஞ்சப் போனேன். போன இடத்தில், சாப்பாட்டு மேசைமேல் தொழிற்சாலையைக் கண்டேன்!

பவுடர் டப்பாவில் புகைபோக்கி. டிவி வந்த அட்டைப்பெட்டியில் சுவர். பழைய சொட்டுநீர்க் குழாயை வெட்டி ஒட்டி ராட்சதக் குழாய்கள். எல்லாவற்றுக்கும் கறுப்பு அடித்து, மேலே சாம்பல் நிறத்தை லேசாகத் தேய்த்து, ஓரங்களில் பாத்திரம் விளக்கும் ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்த செம்பழுப்புத் துரு. பெயிண்டைத் தவிர மற்றதெல்லாம் குப்பைக்குப் போக வேண்டியவை. இவ்வளவு சிக்கனமான கட்டுமானத்தை எங்கள் பிரிவு அதுவரை கண்டதில்லை.

“என்னம்மா இது?”

“போர் விளையாட்டுக்கு சார்,” என்றாள் அனிஷா. டிப்ளமோ முடித்தவள். விரல் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்களை இந்தக் கட்டடங்களுக்கு நடுவே நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, தாயம் உருட்டிச் சண்டை போடுவார்களாம். பெங்களூர் சிநேகிதர்கள் பழக்கிவிட்டது.

“எங்க போரை நீங்க மூடிட்டீங்க. இவ வூட்டுக்குள்ளயே போர் நடத்திக்கிட்டிருக்கா,” என்றார் ராஜமேரி. மூடியது, நிலத்தோடு போன ஆழ்துளைக் கிணற்றை. அந்தச் சொட்டுநீர்க் குழாயும் அங்கே கிடந்ததுதான்.

குழுவுக்குக் காட்ட அதை ஒருநாள் இரவல் கொடுத்தால், வேலை விஷயத்தைக் குழுவிடமே பேசிவிடலாம் என்று வாக்குக் கொடுத்தேன். மறுநாள் தொழிற்சாலை டெம்போவில் ஏறி அலுவலகம் வந்தது. தாயும் மகளும் கூடவே வந்தார்கள்.

சந்திரமோகன் சார் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். “ஏம்மா, தெறக்கறதுக்கு முன்னாடியே துருவா?”

“துரு இல்லாட்டி அட்டைன்னு தெரிஞ்சிரும் சார். துரு வெச்சாத்தான் நெஜமாவே ஃபேக்டரி ஓடுன மாதிரி இருக்கும்.”

“மாதிரி!” என்று சார் துள்ளினார். “அதான்யா வார்த்தை! ‘மாதிரித் தொழிற்சாலை’ன்னு போர்டு எழுது!”

குழு வந்தது. வெயிலில் வேலி வரைக்கும் போக வேண்டியதில்லை என்று தெரிந்ததும் அவர்களுக்கு எங்கள் மீது தனி மரியாதையே ஏற்பட்டுவிட்டது.

“வேலைவாய்ப்பு எப்படி?” என்று குழுத் தலைவர் கேட்டார்.

“நாப்பது பேர் சார்,” என்று சிப்பாய்களைக் காட்டினார் சந்திரமோகன். “எல்லாரும் நின்னுக்கிட்டேதான் வேலை பாக்கறாங்க. ஒருத்தர்கூட லீவு கேட்டதில்ல.”

“கையில துப்பாக்கி இருக்கே?”

“செக்யூரிட்டி சார்.”

“நாப்பது பேருமா?”

“அவ்வளவு முக்கியமான ஃபேக்டரி சார்.”

மேசை மட்டத்துக்குக் குனிந்து படம் எடுத்தார்கள். படத்தில் புகைபோக்கி வானத்தைத் தொட்டது. ‘முதற்கட்டம் நிறைவு’ என்று அங்கேயே கையெழுத்தும் ஆயிற்று.

ராஜமேரி முன்னால் வந்தார். “எம்பொண்ணுக்கு வேலைன்னு சொன்னீங்களே...” எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

“ஃபேக்டரியைக் கட்டுனதே உங்க பொண்ணுதானேம்மா!” என்றார் சந்திரமோகன். “வேலை குடுத்தாச்சுன்னு எழுதிட்டோம்.”

அனிஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிப்பாய்களைப் பொறுக்கிப் பையில் போட்டாள். நாற்பது பேருக்கும் அங்கேயே வேலை போயிற்று.

ராஜமேரி மேசையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார்.

“ஃபேக்டரி ஒரு மேசையிலயே அடங்கிப்போச்சுங்களே. அப்பறம் எங்க ஒண்ணரை ஏக்கரு எதுக்குங்க?”

சந்திரமோகன் சாருக்கு அவசரமாக போன் வந்துவிட்டது. பிரிவின் சார்பில் நானே பெருமையோடு பதில் சொல்லிவிடுகிறேன். நிலத்தை எடுக்கத்தான் எங்களுக்குத் தொழிற்சாலை தேவைப்பட்டது, தாயே. தொழிற்சாலை கட்ட நிலம் தேவைப்பட்டதே இல்லை.