வலைப்பந்து அணி வருத்தம் தெரிவித்த விதம்

விலகியதற்காக நான் வருந்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் இக்கட்டுரையின் நடுப்பகுதியில் என் நிலை அவ்வளவு கம்பீரமாகத் தோன்றப்போவதில்லை.

யாழ்ப்பாணத்து மகளிர் கல்லூரி ஒன்றின் பழைய மாணவிகள் நாங்கள். சிட்னியில் எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. (எங்கட ஆக்கள் பள்ளிக்கூடத்தை விட்டு உண்மையில் வெளியேறுவதே இல்லை, அதையும் சூட்கேசில் வைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறார்கள்.) சங்கத்துக்கு ஒரு வலைப்பந்தாட்ட அணி, அணிக்கு ஒரு விளையாட்டுத்துறைச் செயலாளர். அந்தச் செயலாளர் நான். கிழமை நாட்களில் நூலகத்தில் புத்தகங்களை அடுக்குபவள், ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்தில் ஒன்பது பெண்களை அடுக்கினேன். புத்தகங்கள் வைத்த இடத்தில் நிற்கும்.

எங்களுக்குக் கோல் போடுபவள் தவமணி. முதியோர் இல்லமொன்றில் வேலை. வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரு மாமியாரும். "மைதிலி அக்கா, அந்த வளையத்துக்குக் கீழ நிக்கேக்க மட்டும்தான் என்னை ஒருத்தரும் கூப்பிடாயினம்" என்று ஒருமுறை சொன்னாள். மற்றவர்களும் ஏறக்குறைய அப்படித்தான். அந்த ஆட்டம் ஒன்றுதான் அவர்கள் தமக்கென்று வைத்திருந்தது.

இப்படி எட்டுக் கல்லூரிகளின் அணிகள் சேர்ந்து ஒரு லீக் நடத்தின. சிட்னியின் மேற்கே டூங்கபிக்குப் பக்கத்தில் மைதானம். ஒன்பது மணி என்றால் பத்தரை. நடுவர், எதிரணியில் எவளோ ஒருத்தியின் கணவர். அரைநேரத்தில் ரோல்ஸ், பற்றிஸ், பால்தேநீர். அதன்பின் இரண்டு அணிகளுமே ஓட முடியாத நிலையில் இருப்பதால் ஆட்டம் எப்போதும் சமநிலையில் நகரும். நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம் என்பதை இன்று ஒப்புக்கொள்கிறேன். அன்று அது எனக்குத் தெரியாது.

இறுதியாட்டம் ஒன்றில் நாங்கள் இரண்டு கோலால் முன்னணியில் நின்றோம். முடிய இன்னும் சில நிமிடங்களே. அப்போது பிரதம விருந்தினர் வந்து சேர்ந்தார். ஊதலை ஊதி ஆட்டத்தை நிறுத்தினார்கள். விருந்தினரை மேடைக்கு அழைத்து, பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றி (காற்றில் அது மூன்று முறை அணைந்தது), நான்கு பேர் பேசி, விருந்தினர் பதிலுரையாற்றினார். உடல் ஆரோக்கியத்துக்கு விளையாட்டு எவ்வளவு அவசியம் என்பது பற்றி. நாங்கள் வியர்வை காய்ந்து, கால் விறைத்து, கைகட்டி நின்று கேட்டோம். மறுபடி ஆட்டம் தொடங்கியபோது தவமணிக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. ஒரு கோலால் தோற்றோம்.

லீக்கின் தலைவர் கனகசபை அங்கிளிடம் முறையிட்டேன். அவர் மிகுந்த அன்புடன் சொன்னார்:

"பிள்ளை, இறுதியாட்டம் வருஷா வருஷம் வரும். பிரதம விருந்தினர் வருவாரோ?"

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்று நாங்கள் விலகுவதாக அறிவித்தேன். சும்மா அறிவிக்கவில்லை. நூல்கள் நிறையப் படித்த ஒருத்திக்கு ஒலிவாங்கி கிடைத்தால் என்ன நடக்குமோ அதெல்லாம் நடந்தது. 'தன்மானம்' என்ற சொல் பலமுறை வந்தது. "இனி இவ்வெல்லைக் கோட்டுக்குள் எங்கள் பாதம் படாது" என்று முடித்தேன். எங்கள் அணியே கை தட்ட மறந்து என்னைப் பார்த்தது.

"அக்கா, பிறகு நாங்கள் எங்க விளையாடுறது?" என்று தவமணி கேட்டாள்.

"வெள்ளைக்காரரோட. அங்க எல்லாம் நேரத்துக்கு நடக்கும்" என்றேன்.

எங்கள் பகுதியின் சனிக்கிழமைப் போட்டித் தொடரில் சேர்வதற்காகத் தொலைபேசியில் பேசினேன். முன்பு எந்த மட்டத்தில் விளையாடியிருக்கிறீர்கள் என்று அந்தப் பெண்மணி கேட்டார். எங்கள் கல்லூரி ஒரு காலத்தில் அகில இலங்கைக் கிண்ணத்தை வென்றது. கல்லூரி வென்றால் 'நாங்கள் வென்றோம்' என்பதே எங்கள் வழக்கம். வென்ற ஆண்டில் எங்களில் அரைவாசிப் பேர் பிறந்திருக்கவில்லை என்பது எவருக்கும் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, "நாங்கள் தேசிய சாம்பியன்கள்" என்றேன். அவர் மரியாதையுடன் எங்களை முதலாம் பிரிவில் போட்டார்.

முதல் ஆட்டம் காலை எட்டேகாலுக்கு. புது இடம், புது ஆட்கள் என்பதால் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுப் போவோம் என்று முடிவாயிற்று. ஒன்பது பேருக்கும் தனித்தனி அர்ச்சனை. எட்டுப் பேருக்கு நட்சத்திரம் தெரியும். ஒன்பதாவது ஆள் யாழ்ப்பாணத்துக்குப் போன் எடுத்துத் தாயை எழுப்பிக் கேட்டாள். ஐயர் பொறுமைசாலி. நாங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எதிரணி கோட்டில் வரிசையாக நின்றுகொண்டிருந்தது. பிந்துகின்ற ஒவ்வொரு நிமிடத்துக்கும் எதிரணிக்கு ஒரு கோல் என்பது அங்கே விதி. பந்தைத் தொடுவதற்கு முன்பே நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம்.

நடுவர் பதினாறு வயதுப் பெண்பிள்ளை. எங்கள் விரல்களை நீட்டச் சொல்லி நகங்களைப் பார்த்தாள். பிறகு கழுத்துகளைப் பார்த்தாள். நகை அணிந்து ஆட முடியாது என்றாள்.

கோயிலுக்கென்று எல்லோரும் தாலிக்கொடி போட்டு வந்திருந்தோம். சங்கிலி அல்ல, கொடி. எங்கள் ஊர்த் தாலிக்கொடியால் சிறிய வள்ளமொன்றைக் கரையில் கட்டிவைக்கலாம்.

"ரீசேர்ட்டுக்குள்ள விட்டு ஊசி குத்திறம் எண்டு சொல்லுங்கோ அக்கா. லீக்கில அப்பிடித்தானே விளையாடினனாங்கள்" என்றாள் தவமணி.

இது திருமணச் சின்னம் என்று நான் நடுவருக்கு விளக்கினேன். பண்பாட்டுப் பின்னணியும் சேர்த்து. அவள் கவனமாகக் கேட்டாள். கல்யாண மோதிரம் என்றால் மேலே டேப் ஒட்டிவிட்டு ஆடலாம் என்று சொல்லி, கையிலிருந்த டேப் சுருளைப் பார்த்தாள். தவமணியின் கழுத்தைப் பார்த்தாள். மறுபடி சுருளைப் பார்த்தாள். அது போதாது என்பது இருவருக்கும் விளங்கியது. இதற்கிடையில் பலகையில் இன்னொரு கோல் ஏறியது.

"கழட்டுங்கோ" என்றேன்.

"கழட்டி எங்க வைக்கிறது? காருக்குள்ளயோ? பதினைஞ்சு பவுண் அக்கா!"

கணவன்மார் கோட்டுக்கு வெளியே தேநீர்க் குடுவைகளுடன் நின்றார்கள். ஒருவருடைய காற்சட்டைப் பைக்கும் ஸிப் இல்லை. என் கணவர் சிவநேசன் அதிகம் பேசாதவர். என் கையிலிருந்த கொடியை வாங்கினார், தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

"கழுத்தில இருக்கிறதை ஆரும் களவெடுக்கேலாது. நீ போய் விளையாடு" என்றார். பிறகு கொடியைக் கையால் சற்றுத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவு பாரமெண்டு நீ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே" என்றார்.

மற்றக் கணவன்மாரும் அவரைப் பின்பற்றினார்கள். சிட்னியின் குளிர்காலக் காலையில், குளிர்ச்சட்டைகளுக்கு மேலே தாலி மின்ன, ஒரு வரிசை தமிழ் ஆண்கள் வலைப்பந்து பார்த்துக்கொண்டு நின்ற காட்சியை எப்படி வர்ணிப்பேன்? வர்ணிக்கத் தேவையிருக்கவில்லை. எவரோ படம் எடுத்துவிட்டார்கள்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்தப் பெண்கள் ஒவ்வொருத்தியும் ஆறடி. அவர்கள் எங்களைச் சுற்றி ஓடவில்லை, எங்களுக்கு மேலால் விளையாடினார்கள். பந்து எங்கள் தலைக்கு மேலே போய்வருவதை நாங்கள் விமானம் பார்க்கும் பிள்ளைகள் போல் அண்ணாந்து பார்த்தோம். அறுபத்துச் சொச்சத்துக்கு மூன்று. அந்த மூன்றையும் போட்டவள் தவமணி. முடிந்ததும் அவர்கள் வந்து கைகொடுத்து, "வெல் ட்ரைட், லேடீஸ்" என்றார்கள். அவர்களில் ஒருத்தியாவது கொஞ்சம் திமிராக நடந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

வீட்டுக்குப் போகும் வழியிலேயே கனகசபை அங்கிளின் குரல் வட்ஸ்அப்பில் வந்துவிட்டது. "பிள்ளை, மச் எப்பிடி? மாப்பிள்ளைமார் நல்ல வடிவா இருக்கினம்."

அப்போதும் நான் அசையவில்லை. ஆறு வாரம் ஆடினோம். ஆறு வாரமும் தோற்றோம். நேரத்துக்குப் போகவும் நகைகளை வீட்டில் வைக்கவும் பழகிக்கொண்டோம். ஆறடி வளரத்தான் முடியவில்லை. அதற்கும் மேலாகச் சனிக்கிழமை காலை என்பது பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை நேரம். ஒருத்தி குறைந்தாள், பிறகு இன்னொருத்தி. அணி முழுமையாக இறங்க ஆள் போதவில்லை.

ஒருநாள் காரில் தவமணி சொன்னாள்: "அக்கா, சனிக்கிழமையும் வேலைக்கு வாறன் எண்டு சொல்லப் போறன். மச் இல்லையெண்டா வீட்டில நிண்டு என்ன செய்யிறது?"

அவள் என்னைக் குறை சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். என் தன்மான உரையின் ஒரு வரியும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கவில்லை.

திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டனுப்பினேன். சேர்க்கலாம், ஆனால் விளையாட்டுத்துறைச் செயலாளர் பொதுக்கூட்டத்தில் எழுந்து வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று பதில் வந்தது. எந்த ஒலிவாங்கியில் விலகினேனோ அதே ஒலிவாங்கியில்.

செவன் ஹில்ஸில் ஒரு மண்டபம். லீக்கின் எல்லா அணிகளும் வந்திருந்தன. ஒரு பொதுக்கூட்டத்துக்கு அவ்வளவு கூட்டம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. என் அணி மூன்றாம் வரிசையில். தவமணி வேலைச் சீருடையுடன் வந்து உட்கார்ந்திருந்தாள். நான் ஒழுங்காகப் பேசவேண்டுமே என்ற கவலை அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"நாங்கள் வருந்துகிறோம்" என்று தொடங்கினேன். அங்கிள் திருப்தியுடன் தலையசைத்தார்.

"அர்ச்சனைக்குப் போய் ஆட்டத்துக்குப் பிந்தியதற்காக வருந்துகிறோம். எங்களுக்கு மூத்தவர்கள் வென்ற கிண்ணத்தை எங்கள் கையில் இருப்பதாகச் சொன்னதற்காக வருந்துகிறோம். நீங்கள் எல்லோரும் பார்த்து மகிழ்ந்த புகைப்படத்தில் எங்கள் கணவன்மாரின் முகங்கள் அவ்வளவு தெளிவாக விழுந்ததற்காக அவர்கள் சார்பில் வருந்துகிறோம். அனைத்துக்கும் மேலாக, ஒரு பொன்னாடைக்காக இப்படியொரு அணியை இழக்க நேர்ந்த இந்த லீக்கை நினைத்து ஆழமாக வருந்துகிறோம்."

உட்கார்ந்தேன். தவமணி கண்களை மூடிக்கொண்டிருந்தாள்.

அங்கிள் மெதுவாகக் கேட்டார். "பிள்ளை, எல்லாம் சொன்னனீர். விலகினதுக்கு எண்டு சொல்லேல்லையே?"

"இல்லை அங்கிள். விலகாட்டி இவ்வளவுக்கும் வருந்தியிருக்கேலாது."

அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து பத்மா எழுந்தாள். எங்களை அந்த இறுதியாட்டத்தில் தோற்கடித்த அணியின் தலைவி. என் பரம எதிரி.

"அங்கிள், அவையளைத் திரும்ப எடுங்கோ. ஏழு ரீமை வைச்சுக்கொண்டு ஒவ்வொரு முறையும் ஒரு ரீம் சும்மா இருந்து ரோல்ஸ் சாப்பிடுது. அதோட, இவவை வெல்லாட்டி எனக்குக் கப்பில ஒரு ருசியும் இல்லை."

சிரிப்பு எழுந்தது. சிரிப்பு எழுந்த கூட்டத்தில் தலைவருக்குச் செய்ய அதிகம் இல்லை. கைகளை உயர்த்தச் சொன்னார், உயர்ந்தன. ஆட்டத்தின் நடுவே பிரதம விருந்தினருக்காக நிறுத்தக் கூடாது என்று சூட்டோடு சூடாக நான் ஒரு பிரேரணையும் வைத்தேன். "அதை அடுத்த கூட்டத்தில பாப்பம்" என்றார். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். தவமணி அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வளையத்துக்குக் கீழே நின்றாள்.

அந்தக் கூட்டத்தின் காணொளியை என் மகள் ஆரணி பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மன்னிப்பு இரண்டு வகைப்படும். யார் 'ஸாரி' சொன்னாலும் மற்றவர் உடனே கேட்பார்: "இஸ் திஸ் எ ரியல் ஸாரி, ஓர் ஆன் அம்மா ஸாரி?" அதிகம் பேசாத சிவநேசன்கூட இதைக் கேட்கத் தவறுவதில்லை.

சென்ற மாதம் ஆரணி காரை வீட்டுத் தபால் பெட்டியில் மோதிவிட்டு உள்ளே வந்தாள். தபால் பெட்டி அந்த இடத்தில் வைக்கப்பட்டிருந்ததற்காகத் தான் ஆழமாக வருந்துவதாகச் சொன்னாள். நான் எழுந்து நின்று கை தட்டினேன்.