கணவனும் மனைவியும் ஒரே செஷனும்

வாழ்க, வட்டுமாமலை காக்கும் வீராங்கனை! குளிர்பதனப் பெருங்காற்றில் சால்வை கொடியெனப் படபடக்க, விசைப்பலகையை வில்லெனவும் ஆள்காட்டி விரலை அம்பெனவும் கொண்டு, வங்கியின் பெருங்கணினிக் கூடத்தில் வீற்றிருந்த சேமிப்பகப் பொறியாளரின் புகழ் ஓங்குக!

அன்று அவள் ஏற்ற கடமை எளியதன்று. மின்பராமரிப்புக்காக மாலையில் கூடம் இருளுமுன், ஊரார் கணக்கெல்லாம் உறையும் வட்டுகளின் நகல், ஆற்றுக்கு அப்பாலுள்ள இரண்டாம் கட்டடத்தைச் சென்றடைய வேண்டும். கட்டளையிட்டாள். நகலெடுக்கும் செஷன் நால்வகைப் படைபோல் ஆர்ப்பரித்துப் புறப்பட்டு, பாம்பைக் கண்ட புரவிபோல் நடுவழியில் நின்றது. எழுப்பினாள், விழுந்தது. மீண்டும் எழுப்பினாள், மீண்டும் விழுந்தது.

"என்னம்மா, கரண்டு போறதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று மேலாளர் முரசறைந்து போனார்.

இனி அக்கரைப் பாசறையைப் பாடுவோம். அங்கே அதே பணியில் அமர்ந்திருந்தவன் அவள் கணவன். மெத்தைமேல் ஈரத்துண்டு கிடந்த காரணத்தால் காலையில் மூண்ட பெரும்போரின் முடிவில், நானாக வாய் திறப்பதில்லை என இருவரும் தனித்தனியே வஞ்சினம் உரைத்துப் பிரிந்திருந்தனர். அக்கடமைவீரனும் அதே வேளையில் தன் பக்கமிருந்து அச்செஷனைத் தொடங்கி, அது சாயச் சாய எழுப்பினான். ஒருவர் எழுப்பியது கால் ஊன்றுமுன் மற்றவர் கட்டளை வந்து மோத, இரண்டும் குழம்பிச் சாய்ந்தன. இவ்வாறு, ஒரே கோட்டையைக் காக்க வந்த இரு பெருவீரர், ஒருவரையொருவர் அறியாமலே பகல் முழுதும் ஒருவரையொருவர் வீழ்த்தினர்.

கட்டளைப் பதிவைத் திறந்தவள் அதில் கணவனின் பயனர் பெயரைக் கண்டாள். சினம் ஒரு கண்ணிலும் சிரிப்பு மறு கண்ணிலும் பொங்கின. வஞ்சினமா, வங்கியா? தொலைபேசியை வாளென உருவினாள்.

"செஷனை நீங்களா ஸ்டார்ட் பண்றீங்க?"

"ஆமா. விழுந்துக்கிட்டே இருக்கு, தூக்கி விடுறேன்."

"நான்தான் தூக்கி விடுறேன்! கையை எடுங்க முதல்ல."

"அடக்கடவுளே, அது நீயா? சரி, எடுத்துட்டேன். ஆனா யார் முதல்ல பேசினதுன்னு கவனிச்சியா?"

"ரொம்பத்தான்!"

அவள் விரல் இறுதியாய் இறங்கியது. திசையெட்டும் அதிர, விசிறிகள் சங்கென முழங்க, தடையற்ற வெள்ளமாய்த் தரவு ஆற்றைக் கடந்து அக்கரை ஏறியது. திரையெங்கும் பச்சை பூத்தது. இரு கட்டடங்களிலும் இரு நெஞ்சங்கள் ஒருங்கே நிமிர்ந்தன.

வரும்போது அரை லிட்டர் பால் வாங்கி வரச் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள்.