ஆறாவதாகப் படித்த பெயர்

மில்வாக்கி,
வியாழன் இரவு

மதிப்பிற்குரிய ஓசெல்லா அத்தைக்கு, டவீனா பணிவன்புடன் எழுதுவது.

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பகலில் வீட்டில் ஆள் நடமாட்டம் ஓயவில்லை, காரணம் கீழே வருகிறது. நலமாக இருக்கிறீர்களா? சம்பிரதாயத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன். செவ்வாயிலிருந்து ஒன்பது முறை போன் அடித்துவிட்டேன், நீங்கள் எடுக்கவில்லை. காதுக் கருவியைக் கழற்றி வைத்திருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். என் மகள் கெசியாவைத் தெரியுமே, மனதுக்குள் படிப்பாள், வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் இரண்டு வார்த்தையோடு வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள். ஜூனுக்குள் டீச்சர் முன்னால் படித்துக் காட்டாவிட்டால் இரண்டாம் வகுப்பிலேயே இன்னொரு வருஷம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அதனால்தான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பாபா ஜெலானி நடத்தும் சனிக்கிழமை வகுப்பில் சேர்த்தேன். ஆப்பிரிக்கா, நம் கறுப்பு ஜனங்களின் வரலாறு, அதோடு வாசிப்பு. வகுப்பு தொடங்குமுன் ஒரு பிள்ளை தன் முன்னோர் பெயர்களைப் படிக்கும். ஒவ்வொரு பெயருக்கும் பாபா செடித்தொட்டியில் நீர் வார்ப்பார். எல்லோரும் "ஆஷே" என்போம், அப்படியே ஆகட்டும் என்பது போல. இறந்தவர்களை மட்டும்தான் அழைக்க வேண்டும். போன வாரம் கெசியாவின் முறை. நான் குடும்பப் பட்டியலை எழுதிக் கொடுத்தேன்: மேலே ஐந்து பேர் போய்ச் சேர்ந்தவர்கள், அதன் கீழே, கோடு கூடப் போடாமல், உயிரோடிருக்கும் நாம். பிள்ளை படிக்க ஆரம்பித்தாள் அத்தை. ஒன்று, இரண்டு, பூட்டு விழவில்லை. ஐந்தையும் தாண்டி ஆறாவதாக "ஓசெல்லா மே பிரிட்ஜஸ்" என்று மணி அடித்த மாதிரி படித்தாள், நீர் விழுந்தது, சபையே ஆஷே என்றது. நான் நிறுத்தியிருக்கலாம். அந்தக் குரலை நிறுத்த மனசு வரவில்லை. ஏழாவதாக என் பெயர் வந்தபோதுதான் பாபா குவளையை நிமிர்த்தினார். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேனே.

ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் செய்தி பரவிவிட்டது. சர்ச்சிலிருந்து சிஸ்டர் லுவெனியா, துக்க வீட்டுக்குக் கொண்டுவருவது போலப் பொரித்த கோழியோடு வாசலில் நிற்கிறார்.

"எப்பம்மா ஆச்சு? வலியில்லாம போனாங்களா?"

"போகலைங்க. இருக்காங்க."

"ஆமாம்மா. நம்ம மனசுல எப்பவும் இருப்பாங்க."

அப்புறம் மக்ரோனி வந்தது, பவுண்ட் கேக் மட்டும் நாலு வந்தது. மெம்ஃபிஸில் இருக்கும் நம் ரூஃபஸ், உங்கள் அடக்கத்துக்கென்று கறுப்புக் கோட்டைச் சலவைக்குப் போட்டுவிட்டானாம். இதையெல்லாம் சிரித்துத் தள்ளியிருப்பேன், ஆனால் கெசியா கேட்கிறாள்:

"நான் பேரச் சொன்னதாலதான அத்தைப்பாட்டி செத்துட்டாங்க?"

"அவங்க சாகலடி."

"அப்ப எதுக்குக் கோழி வந்துச்சு?"

அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடவில்லை. யார் பெயரையாவது சத்தமாகப் படித்துவிட்டால் அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயம். திங்கட்கிழமை டீச்சர் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னபோது உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாளாம். அதனால் நீங்கள் அவள் பெயருக்கே, பெரிய எழுத்தில், உயிரோடிருப்பதாக ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் கையெழுத்துக் கோழிக் கிறுக்கல் என்று அப்பா சொல்வார், கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள்.

கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுள் தரட்டும். இந்த முறை அதை வெறும் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

என்றும் அன்புள்ள,
டவீனா

பி.கு.: உறை எடுக்கப் போய்த் திரும்பினால் கெசியா மேஜையருகே நின்று இந்தக் கடிதத்தைப் படிக்கிறாள். வாய்விட்டு. உங்கள் முழுப்பெயர் வந்த இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டாள், என்னைப் பார்த்தாள், படித்தாள், கடைசி வரை போனாள். ஆகவே மேலே கேட்டது எதுவும் இனி அவசியமில்லை, கிழித்துப் போடலாம் என்றேன். விடவில்லை. "நீ எழுதினா அது எப்படி சாட்சியாகும்? உயிரோட இருந்தா அவங்களே எழுதட்டும்" என்கிறாள். போனும் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், எனக்கும் அவள் சொல்வது சரியென்றுதான் படுகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள் அத்தை.