முதல் முயற்சிக் கழகம்

பறக்கக் கற்றுக்கொடுக்கும் கழகங்கள் உலகில் ஆயிரம் இருக்கலாம். இறங்குவதை மானப் பிரச்சினையாக்கிய பெருமை இந்தக் கழகம் ஒன்றுக்கே உரியது. தரையைத் தொட வந்த விமானம் தொடாமல் மறுபடி மேலே கிளம்பினால், அது இங்கே 'புறமுதுகு'. முதல் முயற்சியிலேயே இறங்கியவர் 'வீரர்'. வீரர்களின் படங்கள் சட்டம் போட்டுக் கூட்ட அறையில் தொங்கின. அவர்களில் பெரும்பாலோர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

பயிற்சியாளராகச் சேர்ந்த மருமகளுக்கு மட்டும் இந்தத் தத்துவம் பிடிபடவில்லை. கழகத் தலைவர் அவளுடைய மாமனார். வேலை போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர்.

ஆண்டு விழாவன்று மாமா இரண்டு இருக்கை விமானத்தை ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஓடுதளம் நெருங்கியும் விமானம் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. மாமா விமானத்தின் மூக்கைக் கீழே அமுக்கினார். உயரம் குறைந்தது, வேகமானி முள் விறுவிறுவென்று ஏறியது.

"மாமா, வேகம் ரொம்ப அதிகம். இந்த வேகத்துல வண்டி தரையில உக்காராது."

"உக்கார வைக்கிறேன் பாரு."

விமானம் உட்காரவில்லை. ஓடுதளத்துக்கு மேலே மிதந்துகொண்டே போனது. பாதித் தளம் காலடியில் ஓடி மறைந்தது. எதிரே வேலி.

"மேல கிளம்பிடலாம் மாமா. நிதானமா இன்னொரு தடவ வரலாம்."

"கீழ கமிட்டி மொத்தமும் பாத்துக்கிட்டிருக்கு! என் மானம் என்னாறது?"

"அத வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் பொறுக்கிக்கலாமா?"

வேலை போனால் போகட்டும் என்று கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கி, முழு விசை கொடுத்தாள். வேலி சக்கரத்துக்குக் கீழே நழுவியது. வட்டமடித்து வந்து, தூரத்திலேயே விசையைக் குறைத்து, வேக முள்ளை நிற்க வேண்டிய இடத்தில் நிறுத்தி, பூப்போல இறக்கினாள். ஒருவரும் கைதட்டவில்லை.

அன்று மாலையே அவசரக் கூட்டம். குற்றச்சாட்டு: 'கைக்கு எட்டிய தரையைக் கைவிட்டது.'

"போன மாசம் நான் நேரா போய் வேலியிலதான் நின்னேன். புறமுதுகு காட்டினேனா?" என்றார் கழுத்துப்பட்டை போட்ட செயலாளர்.

"இல்ல சார். மூஞ்சியத்தான் காட்டினீங்க."

"திமிரு! வருத்தம் தெரிவிச்சா மன்னிச்சிடலாம்னு பாத்தோம்."

"எதுக்கு வருத்தம்? அவர உயிரோட கொண்டு வந்ததுக்கா?" என்று மாமாவைப் பார்த்தாள். மாமா மேசையைப் பார்த்தார்.

வேலை நீக்கத் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. பொருளாளருக்கு வலது கை மாவுக்கட்டில் இருந்ததால் இடது கையைத் தூக்கினார். செயலாளர் கழுத்தைத் திருப்ப முடியாமல், சுவரைப் பார்த்தபடியே ஆதரித்தார். துணைத்தலைவர் ஊன்றுகோலை உயர்த்தினார்.

கடைசியாகத் தலைவர் கை தூக்கினார். அந்தக் கமிட்டியில் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லாமல் கை தூக்கியவர் அவர் ஒருவர்தான்.