சட்டமன்றத்துக்கு நான் வைத்த மணிக்கூடு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முப்பது வயது வரை எனக்கு வாய் வந்ததில்லை. அந்த வியாதி என் கல்யாணத்தையே குழப்பப் பார்த்தது.

நான் கட்ட இருந்த சுகன்யாவின் அப்பா யாழ்ப்பாணத்தில் கட்டடப் படம் வரைந்தவர். யூனியன்வில்லில் அவர்கள் வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது, குயின்ஸ் பார்க்கிலுள்ள மாகாணச் சட்டமன்றக் கட்டடத்தைப் பார்க்க ஆசை என்றார்.

"பத்துத் தரம் போயிருக்கிறன் அங்கிள், நான் காட்டுறன்" என்றேன். (மல்வேர்ன் வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் பஸ்ஸைத் தவிர நான் எங்கே போனேன்!) பெண் தருவாரா என்ற பயத்தில் ஒரு கிழமை இணையத்தில் படித்தேன்: இளஞ்சிவப்பு மணற்கல், வளைந்த வாசல்கள், தீயில் எரிந்த மேற்குப் பகுதி, அதை மாபிள் கல் போட்டுத் திருத்தியது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு சுகன்யாவோடு மூவரும் போனோம். காரை நிலத்தடித் தரிப்பிடத்தில் விட்டு மேலே வந்தால், எதிரே மணற்கல், வளைந்த வாசல்கள். "உதுதான் அங்கிள்!"

அவர் அண்ணாந்து பார்த்தார். "படத்திலை உந்தப் பெரிய மணிக்கூடு இல்லையே தம்பி?"

"பிறகு வைச்சவை. மெம்பர்மார் பிந்தி வாறவையாம்."

வாசலில் பையைச் சோதித்தார்கள். உள்ளே நீள வாங்குகளில் கடதாசிகளோடு உட்கார்ந்திருந்தார்கள் முகம் வெளிறிய மனிதர்கள். "தொகுதி மக்கள், முறைப்பாட்டோடை வந்திருக்கினம்" என்றேன். பிறகு தீ விபத்தை விபரித்தேன். நான் விபரித்த வேகத்தில் வாங்கிலிருந்த ஒரு தமிழர் எழுந்து வாசல் எங்கே என்று பார்த்தார்.

அப்போது கோப்போடு ஒரு பெண் வந்தார். "தமிழோ? நான் கோர்ட் மொழிபெயர்ப்பாளர். எந்த அறையிலை வழக்கு?" அங்கிளைக் கண்டதும் திடுக்கிட்டார். கோயில் பழக்கமாம். "ஐயோ அண்ணை, நீங்களுமோ!"

நான் கூட்டி வந்தது அப்போது நீதிமன்றமாக இருந்த பழைய நகரமண்டபத்துக்கு. பின்னேரத்துக்குள் தமிழர் நிறைந்த அஜின்கோர்ட் முழுக்கக் கதை போய்விடும். சுகன்யா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எனக்கு வெளியிலையே தெரியும். How far போவீர் எண்டு பாத்தனான்."

கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். "அங்கிள், நான் ஒருநாளும் போனதில்லை. பொய் சொன்னனான்" என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினார். "வழக்கு முடிஞ்சுது பிள்ளை. பெடியன் குற்றத்தை ஒப்புக்கொண்டிட்டான்."

அன்றே உண்மையான சட்டமன்றத்துக்கும் நடந்து போனோம். அங்கே மாபிளைக் காட்டியது அந்தக் கட்டடத்து வழிகாட்டி. நான் வாயே திறக்கவில்லை.

கல்யாணமாகிப் பல வருடம். இன்றும் சாப்பாட்டு மேசையில் நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், மாமா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பவ்வியமாகக் கேட்பார்: "மணிக்கூடு எப்ப வைச்சவை தம்பி?"